ஐந்து காசு தபால்தலையும் மாமாவின் கடிதமும்



பொங்கலுக்கு லாஃப்டை ஒழித்தபோது, என் பள்ளிக்கூட நாளைய தபால்தலை ஆல்பம் கிடைத்தது. வங்கி வேலையில் சேர்ந்த பிறகு நான் அதைத் திறந்ததே இல்லை. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு ஐந்து காசு தபால்தலை. அப்பா, அம்மா, குழந்தை இருக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுத் தலை. அதன் மேல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் 'அகதிகள் நிவாரணம்' என்று கறுப்பு எழுத்து. 1971இல் நான் ஆறாம் வகுப்பு. அப்போது எந்தக் கடிதம் வந்தாலும் இந்தத் தலை கூடுதலாக ஒட்டியிருக்கும். எங்களுக்கு அது குப்பை. இது போலப் பத்தைக் கொடுத்துத்தான், ராக்கெட் படம் போட்ட பளபளப்பான அஜ்மான் தலை ஒன்றை வாங்கினேன். நல்ல பேரம் என்று பெருமை வேறு!

இப்போது படித்துப் பார்த்ததில் கணக்கு தலைகீழாக இருக்கிறது. அந்த வளைகுடா நாட்டுத் தலைகளில் பெரும்பாலானவை கடிதத்துக்காக அல்ல, நம்மைப் போன்ற சேகரிப்பாளர்களிடம் விற்பதற்காகவே அச்சிடப்பட்டவை. நாங்கள் குப்பை என்று ஒதுக்கிய தலைக்குப் பின்னால்தான் சரித்திரம் இருந்தது.

1971 மார்ச் 25 இரவு கிழக்கு பாகிஸ்தானில் ராணுவ அடக்குமுறை தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடப் பணம் வேண்டுமே! நவம்பர் 15 முதல் தபால்களுக்கு ஐந்து காசு கூடுதல் வரி வந்தது. தனித் தபால்தலை அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால் கையிருப்பில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் தலை மேலேயே எழுத்தை அச்சடித்தார்கள். பெங்களூர், ஜெய்ப்பூர், புதுதில்லி போன்ற இடங்களில் உள்ளூரிலேயே முத்திரை குத்தியும் விற்றார்கள். அகதிகளுக்கென்றே வடிவமைத்த தலை டிசம்பர் 1ஆம் தேதி வெளிவந்தது. டிசம்பர் 16இல் போர் முடிந்தும் வரி உடனே நிற்கவில்லை. 1973 மார்ச் 31 வரை நாம் எல்லோரும் செலுத்தினோம். ஒரு தேசமே ஐந்து ஐந்து காசாகச் சேர்த்த நிதி அது.

இனி என் கதை. ஆல்பத்தில் இருந்த அந்தத் தலையை நான் தண்ணீரில் ஊறவைத்து எடுத்திருக்கவில்லை. இன்லண்ட் கடிதத்தோடு சேர்த்துக் கத்தரித்திருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் மாமாவின் கையெழுத்து! அம்மாவின் அண்ணா அப்போது கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தார். மூன்று அரைகுறை வரிகள்: "...குழாய்க்குள்ளே குடித்தனம்...", "...கைக்குழந்தையோடு...", "...நம்மாலானது ஒரு மூட்டை அரிசி...".

சால்ட் லேக்கில் போட்டிருந்த பெரிய சிமெண்டுக் குழாய்களுக்குள் அகதிக் குடும்பங்கள் வாழ்ந்ததை இப்போதுதான் படங்களில் பார்த்தேன். மாமா அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அரிசியும் கொடுத்திருக்கிறார். எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. மீதிக் கடிதம் அம்மாவின் கடிதக் கம்பியில் இருந்து, வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. தலைக்காகக் கடிதத்தில் ஓட்டை போட்டவனும் நான்தான். முப்பத்தைந்து வருடம் வவுச்சர்களைப் பத்திரமாகக் காத்தவனுக்கு வீட்டுக் கடிதத்தைக் காக்கத் தெரியவில்லை.

மாமா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அவர் மகளுக்குப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அப்பா கையெழுத்து எங்களிடம் ஒரு வரிகூட இல்லை அத்தான்" என்று அழுதாள். மறுநாளே துண்டை ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டேன். ஆல்பத்தில் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் தலையைக் கத்தரிக்காதீர்கள், தண்ணீரிலும் போடாதீர்கள். முழுக் கடிதமாகவே வையுங்கள். ஞாயிறு மாலைகளில் சங்க அறையில் பூதக்கண்ணாடியோடு இருப்பேன். பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். கடிதங்களையும் எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.