தூக்கத்தைக் கலைக்கும் அரிய தலைவலிகள்

உறங்கிக்கொண்டிருப்பவரை ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுப்பிவிடும் தலைவலிகள் சில உண்டு. இவற்றுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று, கிளஸ்டர் தலைவலி எனப்படும் கொத்துத் தலைவலி. மற்றொன்று, ஹைப்னிக் தலைவலி எனப்படும் உறக்கத் தலைவலி. இரண்டும் ஒற்றைத் தலைவலியிலிருந்து (மைக்ரேன்) வேறானவை. கொத்துத் தலைவலி உலக அளவில் ஆயிரத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் வருவதாக மதிப்பிடப்படுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 37 இலட்சத்துக்கு மேல். அதே விகிதம் இங்கும் பொருந்துமானால், மாவட்டத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் வர வாய்ப்புண்டு.

பழைய நூல்களில்

குறித்த நேரத்தில் வரும் தலைவலியை இந்திய மருத்துவம் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறது. சுசுருத சம்ஹிதை 11 வகைத் தலைநோய்களைக் கூறுகிறது. அவற்றுள் சூரியாவர்த்தம் என்பது சூரியன் எழும்போது தொடங்கி, உச்சிப்பொழுதில் மிகுந்து, மாலையில் தணிவது. அர்த்தாவபேதகம் என்பது தலையின் ஒரு பாதியைப் பிளப்பதுபோல் வலிப்பது. இவை இன்றைய நோய்களுடன் அப்படியே பொருந்துபவை அல்ல. எனினும் வலிக்கும் காலத்துக்கும் தொடர்புண்டு என்பதை அன்றைய வைத்தியர்கள் அறிந்திருந்தனர்.

ஐரோப்பாவில் கெரார்ட் வான் சுவீட்டன் 1745-இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். நாள்தோறும் அதே வேளையில் அவருக்கு ஒரு கண்ணின் மேல் வலி வரும். அந்தக் கண் சிவந்து நீர் வடியும். கொத்துத் தலைவலியின் தெளிவான தொடக்ககாலப் பதிவாக இது கருதப்படுகிறது. 1926-இல் இங்கிலாந்தில் வில்ஃபிரட் ஹாரிசும், 1939-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பேயார்ட் ஹார்ட்டனும் இதை விரிவாக விளக்கினர். வலி தாங்காமல் நோயாளிகள் உயிரை மாய்த்துக்கொள்ளக் கூடுமென்று ஹார்ட்டன் அஞ்சினார். வாரக்கணக்கில் தொடர்ந்து வந்து, பின் மாதக்கணக்கில் மறைந்துவிடும் இயல்பினால் 1952-இல் சார்லஸ் கங்கிள் இதைக் 'கொத்து' என்ற பொருளில் குறிப்பிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது.

உறக்கத் தலைவலியை 1988-இல் நீல் ராஸ்கின் முதலில் விவரித்தார். அவர் கண்ட 6 நோயாளிகளும் முதியவர்கள். அலாரம் வைத்ததுபோல் இரவில் எழுப்புவதால் இதற்கு 'அலாரத் தலைவலி' என்றும் பெயருண்டு.

ஏன் ஒரே நேரம்?

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உள்ளது. தூக்கம், விழிப்பு, உடல் வெப்பம் ஆகியவற்றின் அன்றாடச் சுழற்சியை நடத்தும் கடிகாரம் இங்குதான் இருக்கிறது. 1998-இல் ஆர்னே மே, பீட்டர் கோட்ஸ்பி முதலானோர் மூளையைப் படமெடுத்து, கொத்துத் தலைவலி வரும்போது இப்பகுதி தூண்டப்படுவதைக் காட்டினர். வலி பெரும்பாலும் தூங்கத் தொடங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் வருவதற்கும், ஆண்டின் குறிப்பிட்ட பருவங்களில் மீண்டும் வருவதற்கும் இது விளக்கம் தருகிறது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில்

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருட்டாலைகள், வார்ப்பாலைகள், இரசாயன ஆலைகள் முதலியன இயங்குகின்றன. உலை அணையாமலிருக்க வேண்டிய தொழில்களில் வேலை மூன்று ஷிப்டாக நடப்பது வழக்கம். கொத்துத் தலைவலி பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது, ஆண்களிடம் மிகுதி. ஷிப்டில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியும் இதே வயதினர்தாம்.

இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குபவருக்குப் பகல் தூக்கத்திலும் வலி வரலாம். வாரந்தோறும் ஷிப்ட் மாறினால் வலியின் நேரமும் குழம்பும். அப்போது, நோயைக் கண்டறிய உதவும் 'ஒரே நேரம்' என்ற அடையாளமே மறைந்துவிடும். தூக்கம் கெட்டவர் உலையருகிலோ வெட்டும் எந்திரத்திலோ நிற்பது அவருக்கும் அருகிலிருப்பவருக்கும் ஆபத்து.

மொழியும் ஒரு தடை. ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் இங்குப் பலர். இந்தியில் 'ஆதாசீசி' என்றால் பாதித் தலைவலி. அச்சொல்லைக் கேட்டதும் அதை மைக்ரேன் என்று முடிவுகட்டுவது எளிது. உண்மையில் கேட்க வேண்டியவை வேறு: வலி எத்தனை மணிக்கு வருகிறது? எவ்வளவு நேரம் நீடிக்கிறது? கண்ணில் நீர் வடிகிறதா? வலியின்போது படுக்க முடிகிறதா, எழுந்து நடக்கத் தோன்றுகிறதா? மைக்ரேன் உள்ளவர் இருட்டறையில் அசையாமல் படுப்பார். கொத்துத் தலைவலி உள்ளவர் அமைதியின்றி உலாவுவார். சைனஸ், பல்வலி என்று தவறாகக் கருதிப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உலகெங்கும் உண்டு.

சிகிச்சையின் வளர்ச்சி

கொத்துத் தலைவலிக்கு ஆக்சிஜன் சிறந்த உடனடி மருந்து. 1981-இல் லீ குட்ரோ இதை ஆய்வு செய்து காட்டினார். 2009-இல் வெளியான ஆய்வில், நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் முகமூடி வழியே சுவாசித்தபோது 78 விழுக்காடு வலிகள் தணிந்தன; வெறும் காற்றில் 20 விழுக்காடே தணிந்தன. சுமாட்ரிப்டான் ஊசியின் பயன் 1991-இல் நிறுவப்பட்டது. இதய நோயாளிகளுக்கு அது ஆகாது. வலி வராமல் தடுக்க வெராப்பமில், லித்தியம் ஆகியவை தரப்படுகின்றன. முதலாவதற்கு இ.சி.ஜி.யும், இரண்டாவதற்கு இரத்தப் பரிசோதனையும் தேவை. வலி வரும் வாரங்களில் மதுவை அறவே தவிர்க்க வேண்டும். உறக்கத் தலைவலிக்குப் படுக்குமுன் ஒரு காப்பி பலருக்கு உதவுகிறது. லித்தியம், இன்டோமெதசின் ஆகியவையும் உண்டு.

இரும்பு வெட்டும் பட்டறைகளில் ஆக்சிஜன் சிலிண்டர்கள் நிறைந்திருக்கும். அவற்றை மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது. இந்தியாவில் தொழில்துறை ஆக்சிஜன் சிலிண்டர் முழுக் கறுப்பு. மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டருக்குக் கழுத்துப் பகுதி வெள்ளை. ஆக்சிஜன் தீயை வளர்ப்பதால் அருகில் பீடி, சிகரெட் பற்றவைப்பது பெரும் ஆபத்து.

மருத்துவ வசதிகள்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னையில் இந்திய நரம்பியல் கழகம் தோன்றியது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அந்த மருத்துவமனைக்குக் கும்மிடிப்பூண்டி மின்ரயிலிலேயே வந்துவிடலாம். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதன் மருந்தகம் வழியே சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்படலாம்.

மருத்துவரிடம் செல்லுமுன் இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் ஷிப்ட், தூங்கிய நேரம், வலி வந்த நேரம், நீடித்த நிமிடங்கள் ஆகியவற்றைக் குறித்துவைப்பது நல்லது. தூக்கத்தைக் கலைக்கும் எல்லாத் தலைவலியும் அரிய வகையல்ல. உயர் இரத்த அழுத்தம், குறட்டையுடன் கூடிய மூச்சுத்தடை, அளவுமீறிய வலி மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். ஒரே அறையில் உறங்கும் பலருக்கு ஒருசேரத் தலைவலி வந்தால், கரியடுப்பு அல்லது ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நஞ்சாக இருக்கலாம். உடனே வெளியேற வேண்டும். திடீரென உச்சத்தை எட்டும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியை மருத்துவரிடம் காட்டாமல் விடக் கூடாது. வலியினால் வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் டெலிமானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் பேசலாம். வலி ஒருசில மணி நேரத்தில் அடங்கிவிடும். அதற்குச் சிகிச்சையும் உண்டு.