நுகர்வும் வேட்கையும்: பௌத்த உளப்பயிற்சி மருத்துவமனை புகுந்த வரலாறு

துன்பத்தை நோயாகவும், அதன் தோற்றத்தை நோய்முதலாகவும், நீக்கத்தை நலமாகவும், நெறியை மருந்தாகவும் உவமித்து நால்வகை வாய்மையை விளக்குவது பௌத்த உரைமரபு. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வுவமை மருத்துவமனைகளில் நேர்ப்பொருளே பெற்றது.

1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். நாட்பட்ட வலியால் வருந்துவோர் மூச்சையும் உடலுணர்ச்சிகளையும் உற்றுநோக்கப் பழக்கப்பட்டனர். பயிற்சியின் வேர் சென், விபாசனை மரபுகளில் இருப்பினும் சமயச் சொற்கள் விலக்கப்பெற்றன.

சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூவர் இதனை மனச்சோர்வு நோய்க்கேற்ப மாற்றியமைத்தனர். 145 பேரைக் கொண்டு நிகழ்த்தி 2000இல் வெளியான ஆய்வில், மும்முறையோ அதற்கு மேலோ நோயுற்றிருந்தோருள், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர் மீண்டும் நோய்வயப்பட்டனர். பயிற்சியும் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினரே அவ்வாறாயினர். இருமுறை மட்டும் நோயுற்றிருந்தோர்க்கு இப்பயன் காணப்படவில்லை. 2004இல் பிரித்தானியாவின் மருத்துவ நெறிமுறை அமைப்பான நைஸ், முதல்வகையினர்க்கே இதனைப் பரிந்துரைத்தது.

இம்முறை செயற்படும் வகையைத் தமிழ்ப் பௌத்தக் கலைச்சொற்களால் தெளிவுறக் கூறவியலும். மணிமேகலையின் இறுதிக் காதையில் அறவண அடிகள் உரைக்கும் பன்னிரு சார்புகளுள் நுகர்விலிருந்து வேட்கையும், வேட்கையிலிருந்து பற்றும் தோன்றுகின்றன. மனச்சோர்வினின்று மீண்டவரிடம் சிறு துயருணர்வு எழுந்தாலும், பழைய எண்ணங்கள் தொடராகக் கிளர்ந்து நோயை மீட்டுக் கொணரும் என்பது மேற்கூறிய மூவரின் கோட்பாடு. எழும் உணர்வை விலக்காமலும் பின்தொடராமலும் நோக்குதல் அத்தொடரைத் தடுக்கும் என்பர். எனவே, நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடைப்பட்ட கண்ணியே இம்மருத்துவத்தின் களம் எனலாம்.

எனினும் இரண்டும் ஒன்றல்ல. தானமும் சீலமும் மேற்கொண்ட பின்னரே மணிமேகலை அவ்வறவுரையைக் கேட்கிறாள். அவள் நாடுவது பிறவியறுத்தல். மருத்துவம் நாடுவதோ நோய் மீளாமை. நெறியின் எட்டு உறுப்புகளுள் நற்கடைப்பிடியை மட்டும் பிரித்தெடுத்தமையால் சமயச் சார்பற்றோரும் பயன்பெற முடிந்தது. அதே பிரிப்பு, அஃது எவர்க்கும் எதற்கும் மருந்தாகும் என்னும் மயக்கத்திற்கும் வழிவகுத்தது. பிரித்தானியப் பள்ளிகளில் எண்ணாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவரிடையே நிகழ்த்தி 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இத்தகைய பயிற்சி வழக்கமான கல்வியினும் மிகுபயன் தரவில்லை எனக் காட்டியது. நோயும் நோய்முதலும் அறிந்தே மருந்து தருக என்னும் பழைய மருத்துவ நெறி இங்கும் பொருந்துவதாகும்.