எழுத்துருவும் எழுத்தும்: கணினித் தமிழ் கடந்து வந்த பாதை



1990களில் நான் தட்டச்சு செய்த ஆய்வுக் கட்டுரை ஒன்று, கிள்ளானில் உள்ள என் இல்லத்தில் ஒரு நெகிழ்வட்டில் கிடந்தது. பல ஆண்டுகள் கழித்து அதனைப் புதிய கணினியில் திறந்தபோது ஓரெழுத்தும் தமிழாகத் தோன்றவில்லை. பின்னக் குறிகளும் ஐரோப்பிய எழுத்துகளுமே வரிசையாக நின்றன. கோப்பு பழுதாகவில்லை. அதற்குரிய எழுத்துருதான் கணினியில் நிறுவப்பட்டிருக்கவில்லை. இந்நிலை ஏன் ஏற்பட்டது என்பதே இன்றைய பொருள்.

அக்காலக் கணினியின் எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கு உரியவை. எஞ்சியவற்றில் உயிரும் மெய்யும் காலும் கொம்பும், தனி வடிவுடைய உகர ஊகார எழுத்துகளும் அடங்க வேண்டியிருந்தது. எந்த எழுத்தை எங்கே வைப்பது என்பதை எழுத்துருவை ஆக்கியவரே முடிவு செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கினார். இவை யாவும் தமிழுக்குக் கிடைத்த பெருங்கொடைகள். எனினும் ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலவில்லை. மடல் அனுப்புவோர் எழுத்துருவையும் உடன் அனுப்ப வேண்டியிருந்தது. பெறுபவர் அதனை நிறுவிய பின்னரே படிக்க முடிந்தது.

இக்குறையை நீக்க அறிஞர்கள் கூடினர். 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. இணையவழிக் கலந்துரையாடலால் திஸ்கி என்னும் குறியீட்டு முறை பிறந்தது. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்நெட்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் அமைந்தன. ஆயினும் தரங்கள் பலவாகவே இருந்தன.

திஸ்கியில் தகரத்தின் எண் 190. ஐரோப்பிய எழுத்துருவில் அதே எண் முக்கால் என்னும் பின்னக் குறிக்கு உரியது. ஆகவே திஸ்கி எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னும் சொல்லே முக்காலில் தொடங்கும்! 1991இல் வெளிவந்த ஒருங்குறி இச்சிக்கலை வேரோடு களைந்தது. அதில் தகரத்தின் எண் 2980. அந்த எண் வேறெம்மொழி எழுத்துக்கும் உரியதன்று. விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு வந்தது. மேக் கணினியில் முத்து நெடுமாறன் வடிவமைத்த ‘இணைமதி’ இடம்பெற்றது. இன்று எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் தோற்றம் மாறுமேயன்றி எழுத்து மாறாது.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். பழைய கோப்பைத் திறந்து ஒருங்குறி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் அது தமிழாகிவிடாது. எண்களே வேறு, வரிசையும் வேறு. ‘கொ’ என்பது பழைய முறையில் கொம்பு, ககரம், கால் என மூன்றாக நிற்கும். ஒருங்குறியில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டே. எனவே குறியீட்டு மாற்றி கொண்டு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்த வேண்டும். அதுவரை பழைய எழுத்துருவையும் கோப்போடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். எழுத்துரு தொலைந்தால் அக்கோப்பு எம்முறையில் அமைந்தது என்று அறிவதே கடினமாகும்.

நம் பள்ளிகளின் ஆண்டுமலர்கள், வினாத்தாள்கள், மாணவர் கட்டுரைகள் எனப் பலவும் அக்காலத்தில் இவ்வாறே தட்டச்சாயின. ஏட்டுச்சுவடியைச் செல் அரித்தது; நெகிழ்வட்டையோ மறதி அரிக்கிறது. சுவடியைத் தேடி ஊர் ஊராக நடந்தார் உ. வே. சாமிநாதையர். நாம் அவ்வளவு தொலைவு நடக்க வேண்டியதில்லை. பள்ளி அலமாரியைத் திறந்து, உள்ளவற்றைப் பட்டியலிட்டு, ஆண்டுக்குச் சிலவற்றையேனும் ஒருங்குறிக்கு மாற்றினால் போதும். அப்பணியை மாணவர்களின் துணையோடு இவ்வாண்டே தொடங்குங்கள் என வேண்டி அமைகிறேன்.