ஒரே வாங்குநரின் நகரம்: பொன்மலை, திருவெறும்பூர், திருச்சியின் தொழில் வரலாறு

திருச்சிராப்பள்ளியைத் தொழில் நகரமாக வருணிக்கும் எழுத்துகளில் பெரும்பாலானவை பொன்மலை ரயில்வே பணிமனையையும் திருவெறும்பூர் பாய்லர் ஆலையையும் பெயர் சொல்லி, அவற்றின் பரப்பையும் ஆள்பலத்தையும் வியந்து, அதோடு நின்றுவிடுகின்றன. அந்த வியப்பு நியாயமானதே. ஆனால் அது கேட்க வேண்டிய கேள்வியை மறைத்துவிடுகிறது. 1928 முதல் ஏறத்தாழ நூறாண்டுகளாக வார்ப்பு, கொல்லுவேலை, கடைசல், பற்றவைப்பு என்று உலோகவேலையின் எல்லாக் கிளைகளிலும் தேர்ந்த தொழிலாளர்களை இந்த நகரம் உருவாக்கி வந்திருக்கிறது. இருந்தும் கோவை பம்ப்செட் என்று சொல்வதைப் போல, திருச்சி என்ற பெயரோடு சேர்த்துச் சொல்லும்படியான ஓர் இயந்திரம் சந்தையில் ஏன் இல்லை? முதலீட்டுப் பஞ்சம், முனைப்பின்மை, டெல்டா மனப்பான்மை என்று இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் போதுமானவை அல்ல. திருச்சியின் திறனுக்கு எக்காலத்திலும் ஒரே வாங்குநர்தான் இருந்தார். அந்த வாங்குநர் முதலில் ரயில்வே, பிறகு பாய்லர் ஆலையை நடத்தும் பெல் நிறுவனம். நகரத்தின் வலிமைகளும் முடக்கங்களும் இந்த ஒரே காரணத்திலிருந்து கிளைத்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருச்சிக்கு ரயில் கிழக்கிலிருந்து வந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகப் போட்ட பாதை 1862-இல் திருச்சியை எட்டியது. அந்தக் கம்பெனிதான் பின்னர் இணைப்புகளின் வழியே தென்னிந்திய ரயில்வே ஆனது. பாதை எந்தத் திசையில் வந்ததோ அதே திசையில் நாகப்பட்டினத்தின் உடைமைகளும் ஒவ்வொன்றாகத் திருச்சிக்கு நகர்ந்தன. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883-இல் இங்கு வந்தது. 1920-களின் பிற்பகுதியில் பணிமனையும் வந்தது. தென்னிந்திய ரயில்வே தன் பழுதுபார்ப்பு வேலைகளை நாகப்பட்டினம், போத்தனூர் என்று பல இடங்களில் வைத்திருப்பதைவிட ஒரே இடத்தில் குவிப்பது சிக்கனம் என்று முடிவெடுத்தது. பொன்மலையில் புதிய பணிமனையும் அதைச் சுற்றி ஒரு குடியிருப்பும் எழுந்தன. இந்தக் குவிப்பு ஆட்குறைப்போடு சேர்ந்தே வந்தது. 1928 ஜூலையில் நடந்த தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின் மூலகாரணம் இதுவே. தொழிலாளர் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைதாகித் தண்டிக்கப்பட்டது இந்தப் போராட்டத்தில்தான். பொன்மலையின் பிறப்பை நாகப்பட்டினத்தின் இழப்பிலிருந்து பிரித்து எழுத முடியாது. பணிமனையை இழந்த போத்தனூர் கோவையின் வாசலில் இருந்த ஊர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

பொன்மலையின் தொழில்நுட்பத் தரத்தை ஐயுற இடமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் விமானங்களே இங்கு பழுதுபார்க்கப்பட்டன. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின் இன்னும் தெளிவான சான்று. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஆலை வடிவமைத்த அந்த எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள்; அவற்றில் இரண்டு வழக்கமான சக்கரங்களை ஓட்டும், மற்ற இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வரிசையைக் கவ்வி ஏறும் பற்சக்கரங்களைச் சுழற்றும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏற வேறு வழியில்லை. உலகில் யாரும் விற்காத இந்த எஞ்சினை அண்மைக் காலத்தில் புதிதாகவே செய்து கொடுத்தது பொன்மலை. பாய்லரிலிருந்து பற்சக்கரம் வரை தானே செய்யவல்ல ஒரு பணிமனை, நீராவி எஞ்சின்களையோ வேறு பொறிகளையோ வெளியாருக்கு ஏன் விற்கவில்லை? விற்பது அதன் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை. கம்பெனியின் இயக்குநர் குழு லண்டனில் இருந்தது, கொள்முதலும் அங்கேயே நடந்தது. 1944-இல் தென்னிந்திய ரயில்வேயை அரசு ஏற்கும்வரை, பொன்மலைக்கு என்ன வேலை, எவ்வளவு வேலை என்பதை இங்கிருந்த எவரும் தீர்மானிக்கவில்லை. இது பொன்மலைக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. அஜ்மீர் பணிமனை 1895-இலும் ஜமால்பூர் பணிமனை 1899-இலும் முழு நீராவி எஞ்சின்களைக் கட்டிக் காட்டின. ஆயினும் இந்தியத் தண்டவாளங்களில் ஓடியவற்றில் மிகப் பெரும்பாலானவை பிரிட்டனிலிருந்தே வந்தன. 1862-இல் தொடங்கிய ஜமால்பூர் பணிமனை இன்றும் இயங்குகிறது. ஆனால் ஜமால்பூர் இன்றும் ஒரு சிறிய ரயில்வே ஊர்தான். திறன் இருக்கும் இடத்தில் தொழில் நகரம் தானாக வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த ஊர்கள் இடம் தருவதில்லை.

ஒரே வாங்குநர் என்றால் ஒரே முதலாளி. இதன் சமூக விளைவைத் திருச்சியில் மிகத் தெளிவாகக் காணலாம். ரயில்வே கட்டிய குவார்ட்டர்ஸ், ரயில்வே நடத்திய பள்ளி, ரயில்வே ஆஸ்பத்திரி, காலையில் ஊதும் சங்கு, ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தை என்று வாழ்வின் எல்லா முனைகளும் ஒரே நிர்வாகத்தின் எல்லைக்குள் அடங்கின. இது கட்டுப்பாடாகத் திட்டமிடப்பட்டது. தொழிலாளர்கள் அதை ஒற்றுமையாக மாற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் பக்கத்துப் பட்டறைக்காரரும் ஒருவரே ஆன இடத்தில் ஒரு செய்தி பரவ மாலைக் கூட்டமே போதும். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலைச் சங்கத்திடலில் மலபார் சிறப்புப் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அப்போது சென்னை மாகாணத்தை ஆண்டது பிரகாசம் தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை. சுதந்திரத்துக்கு ஓராண்டுகூட இல்லை. அந்த நாளைப் பொன்மலை இன்றும் தியாகிகள் நாளாக நினைவுகூர்கிறது. ஆனந்த நம்பியார், எம். கல்யாணசுந்தரம் ஆகியோரின் அரசியல் வாழ்வு இந்தப் பணிமனையோடு பிணைந்தது. இருவரும் பின்னர் திருச்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களாயினர். பெண்கள் இயக்கத்தின் முன்னோடியான பாப்பா உமாநாத் வளர்ந்தது பொன்மலையில், ரயில்வே தொழிலாளர்களின் நடுவில். இவை ஒரு நகரத்தின் பெருமைக்குரிய வரலாறு. ஆனால் இதே சூழல்தான் பட்டறை முதலாளிகள் முளைப்பதற்கு இடமில்லாமல் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலையை விட்டு வெளியேறிச் சொந்தமாகக் கடைசல் எந்திரம் போட நினைத்த ஒருவர் யாருக்குப் பொருள் செய்து விற்பார்? நகரத்தின் ஒரே பெரிய வாங்குநர் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டது. ஓய்வூதியமும் குவார்ட்டர்ஸும் உள்ள வேலையை விட்டு அவர் வெளியேறாதது முனைப்பின்மை ஆகாது. அது சரியான கணக்கு.

1960-களில் இந்த நிலை மாறியிருக்கலாம். செக்கோஸ்லோவாக்கியாவின் கூட்டுறவுடன் திருவெறும்பூரில் எழுந்த உயர் அழுத்தப் பாய்லர் ஆலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதை ஒட்டிக் கைலாசபுரம் என்ற நகரியம் எழுந்தது. துப்பாக்கித் தொழிற்சாலை, 1964-இல் தொடங்கிய மண்டலப் பொறியியல் கல்லூரி, 1975-இல் வந்த பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் எல்லாம் நகரத்தின் கிழக்குப் புறத்திலேயே அமைந்தன. பொன்மலையிலிருந்து பாய்லர் ஆலை ஒரு முக்கியமான விதத்தில் வேறுபட்டது. ரயில்வே எல்லாவற்றையும் தன் மதிலுக்குள் செய்தது. பெல் வேலையை வெளியே கொடுத்தது. துவாக்குடியிலும் வாழவந்தான்கோட்டையிலும் சிறுதொழில் பேட்டைகள் வந்தன, நூற்றுக்கணக்கான பேப்ரிகேஷன் யூனிட்டுகள் முளைத்தன. முன்னாள் ஊழியர்கள், இளம் பொறியாளர்கள், பற்றவைப்பில் கைதேர்ந்தவர்கள் முதலாளிகள் ஆனார்கள். பொன்மலை உருவாக்காத ஒரு வகுப்பைத் திருவெறும்பூர் உருவாக்கியது.

ஆனால் அந்த வகுப்புக்கு எத்தகைய தொழில் கிடைத்தது என்று அருகில் சென்று பார்க்க வேண்டும். வேலை வரும்போது வரைபடமும் வரும், இரும்புத் தகடும் சேர்ந்தே வரும். தகடு பெல்லுக்குச் சொந்தமானது. யூனிட் அதில் குறியிட்டு, வெட்டி, துளையிட்டு, வளைத்து, பற்றவைத்துத் திருப்பி அனுப்பும். அழுத்தம் தாங்கும் பாகமென்றால் 1950-இன் இந்தியப் பாய்லர் விதிமுறைகளின்படி தேர்ச்சி பெற்ற வெல்டரே கைவைக்கலாம். பற்றின் உட்புறத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, குறை தெரிந்தால் தோண்டி மறுபடி பற்றவைக்கச் சொல்வார்கள். கூலி டன் கணக்கில். வெட்டி மிஞ்சிய துண்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டில் தரம் மிக உயர்ந்தது. அதில் எள்ளளவும் குறை சொல்ல முடியாது. ஆனால் யூனிட்டின் உரிமையாளர் இரும்பு வாங்கக் கற்றுக்கொள்வதில்லை, ஏனென்றால் அவர் வாங்குவதே இல்லை. வடிவமைக்கக் கற்றுக்கொள்வதில்லை, ஏனென்றால் வரைபடம் வந்துவிடுகிறது. விற்கவும் கற்றுக்கொள்வதில்லை. தொழில் முதலாளி என்பவர் செய்யும் மூன்று காரியங்களில் இரண்டரை அவர் கைக்கு வருவதே இல்லை. மீதி அரைப் பங்குதான் ஆட்களை நடத்துவதும் வங்கிக் கடனைச் சமாளிப்பதும். சிறுதொழிலைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு வகுத்த இந்த முறை, சிறுதொழிலை என்றென்றும் சிறியதாகவே வைத்திருந்தது.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான கருத்து வேளாண் மூலதனத்தைப் பற்றியது. கோவை வட்டாரத்தில் பருத்தியில் ஈட்டிய பணம் ஆலைகளுக்கும் வார்ப்படப் பட்டறைகளுக்கும் போயிற்று, 1932-இல் வந்த பைக்காரா மின்சாரம் அதற்கு உயிரூட்டியது. காவிரி டெல்டாவின் நெல் பணமோ நிலத்திலும் கோயிலிலும் படிப்பிலும் தங்கியது. ஆகவே வேறுபாடு வாங்குநரின் எண்ணிக்கையில் இல்லை, மூலதனத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது என்பது இந்தக் கருத்து. 1930-களுக்கு இது பெருமளவு பொருந்தும். 1970-களுக்குப் பிறகு பொருந்தாது. துவாக்குடியில் பட்டறை போட்டவர்கள் நெல் மிராசுதார்கள் அல்லர். அவர்கள் தொழிலிலிருந்தே எழுந்த முதல் தலைமுறையினர். திருப்பூரில் தொழிலாளராக இருந்து முதலாளி ஆன கவுண்டர்களைப் பற்றி ஷரத் சாரி விரிவாக எழுதியிருக்கிறார். துவாக்குடிக்காரர்களின் தொடக்கம் அதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. திருப்பூரிலும் ஜாப் ஒர்க் உண்டு, சாயப்பட்டறைக்காரர் தன்னுடையதல்லாத துணிக்குத்தான் சாயமேற்றுகிறார். எனவே ஜாப் ஒர்க் என்பதே குற்றமில்லை. அங்கே ஒருவரிடம் வேலை போனால் இன்னொருவரின் வாசலுக்குப் போகலாம், விலையைப் பேசலாம், நாளடைவில் தானே ஏற்றுமதி செய்யலாம். துவாக்குடியில் போவதற்கு இன்னொரு வாசல் இல்லை. பணிமனையை இழந்த போத்தனூரின் அருகிலிருந்த கோவை பல வாங்குநர்களை நம்பி வளர்ந்ததையும், பணிமனையைப் பெற்ற திருச்சி ஒருவரை நம்பி நின்றதையும் வைத்து இழப்பே ஆக்கம் என்று முடிவுகட்டுவது மிகையாகும். நாகப்பட்டினமும் இழந்தது, அது வளரவில்லை. ஆனால் பணிமனை ஒன்று கிடைத்துவிட்டதாலேயே ஒரு நகரம் தொழில் நகரமாகிவிடாது என்ற அளவுக்கு இந்த ஒப்பீடு போதுமானது.

பல வாங்குநர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எதிர்முனைக்கும் போக வேண்டியதில்லை. திருச்சியிலேயே அதற்கு மறுப்பு உண்டு. நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுத் தொழிலாகப் பரவியிருந்த செயற்கை வைரப் பட்டை தீட்டுதல் பல வியாபாரிகளை நம்பியே நடந்தது. சீனாவிலிருந்து எந்திரத்தில் தீட்டிய மலிவுக் கற்கள் வந்ததும் அது நொடித்தது. உறையூர்ச் சுருட்டு கடல் கடந்து பெயர் வாங்கியது, அதுவும் நிலைக்கவில்லை. பொதுத்துறையின் கூலியும் பாதுகாப்பும் இல்லாதிருந்தால் இந்த நகரத்தின் உழைப்பாளர் குடும்பங்கள் இரண்டு தலைமுறையில் கல்வியில் இவ்வளவு உயர்ந்திருக்க மாட்டா என்பதும் உண்மை. பொன்மலைக் குவார்ட்டர்ஸிலிருந்தும் கைலாசபுரத்திலிருந்தும் படித்து வெளியேறியவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இந்த வாதம் பொதுத்துறைக்கு எதிரானது அன்று. அரசு பெரிய அளவில் வாங்குவது நல்லது. எந்த நிபந்தனையில் வாங்குகிறது என்பதே ஆராயத்தக்கது.

அந்த நிபந்தனையின் விலை கடந்த பத்தாண்டில் வெளிப்பட்டது. பதினோராவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அனல்மின் நிலையங்கள் நாடெங்கும் எழுந்தபோது திருவெறும்பூருக்கு ஆர்டர்கள் குவிந்தன. யூனிட்டுகள் கடன் வாங்கிக் கிரேன்களையும் வெட்டும் எந்திரங்களையும் கூட்டின. பிறகு சீனப் பாய்லர்கள் போட்டிக்கு வந்தன. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. சூரிய மின்சாரம் மலிந்தது. தில்லியில் வந்த ஒரு தீர்ப்பு வாழவந்தான்கோட்டையில் வெல்டிங் ஓசையைக் குறைத்தது என்றால், நடுவில் இருந்த கண்ணி ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலத்தில் காற்றாலைக் கோபுரங்களுக்கும் பிற கட்டுமான இரும்புவேலைகளுக்கும் திரும்பிய யூனிட்டுகள் தாக்குப்பிடித்தன; அவற்றின் வெல்டர்களும் இதே திருச்சி வெல்டர்கள்தான். திறன் நகரக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது நாட்டின் மின்தேவை உயர்ந்து அனல்மின் ஆர்டர்கள் மீண்டும் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆகவே இந்த விவாதத்துக்கு வேலையில்லை என்று சிலர் கருதக்கூடும். நேர்மாறாக, வாங்குநரின் நலிவில் நலிந்து, வாங்குநரின் எழுச்சியில் எழுவதையே இந்த மீட்சியும் காட்டுகிறது. சீர்திருத்தத்துக்கு உரிய காலமும் வேலை நிறைந்திருக்கும் காலமே. வேலையற்ற பட்டறை எந்தப் பரிசோதனைக்கும் துணியாது. ஒப்பந்தங்களில் ஒரு பகுதியையாவது யூனிட்டே இரும்பு வாங்கி, விவர வரைபடமும் தானே தயாரித்து, முழுப் பொருளாக ஒப்படைக்கும் முறைக்கு மாற்றலாம். சிறு யூனிட்டுக்கு இரும்பு வாங்க நடைமுறை மூலதனம் இராது என்பது இதற்கு உண்மையான தடை; பேட்டைச் சங்கங்கள் கூட்டாகக் கொள்முதல் செய்யவும், ஆர்டரையே பிணையாக ஏற்று வங்கிகள் கடன் தரவும் வழிசெய்தால் அந்தத் தடை தளரும். பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைக் கூடங்களையும் பொன்மலையின் வார்ப்புப் பட்டறையையும் கட்டணத்துக்கு இந்த யூனிட்டுகள் பயன்படுத்த அனுமதிப்பது இரண்டாவது படி. இரண்டுக்கும் புதிய ஆலை எதுவும் தேவையில்லை. கொள்முதல் விதிகளில் சில பத்திகளைத் திருத்தினால் போதும்.