மறுக்க முடிந்தவர்கள் நிபந்தனை விதித்தது ஏன்? போர்ச் செலவு வாக்கெடுப்புகளும் அமெரிக்கக் காங்கிரசும்

2007 மே 24 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, பெரும்பகுதி இராக் போருக்கான சுமார் 95 பில்லியன் டாலரை 280–142 என்ற கணக்கில் ஒதுக்கியது. சபையில் அப்போது பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு. போர் மீதான மக்களின் வெறுப்பே ஆறு மாதம் முன்பு அந்தப் பெரும்பான்மையை அக்கட்சிக்குத் தேடித் தந்திருந்தது. எதிர்த்து வாக்களித்த 142 பேரில் 140 பேர் அக்கட்சியினர். சபாநாயகர் நான்சி பெலோசியும் அவர்களில் ஒருவர். ஆதரித்தவர்களிலோ 194 பேர் சிறுபான்மையாக அமர்ந்திருந்த குடியரசுக் கட்சியினர். பெரும்பான்மைக் கட்சி தானே சபைக்குக் கொண்டுவந்த செலவினத்தைத் தானே எதிர்த்து, மறுதரப்பின் கையால் அதை நிறைவேற்றிக்கொண்டது.

இந்த விசித்திரத்துக்குக் கோழைத்தனம் என்று பெயர் சூட்டிவிட்டுப் போய்விடலாம். பலர் அப்படித்தான் போனார்கள். கோழைத்தனம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1846இல் மெக்சிகோ, 1965இல் வியட்நாம், 2007இல் இராக் என்று இதே காட்சி திரும்பத் திரும்ப வரும்போது, அதைத் தனிமனிதர்களின் குணக்கேடாக மட்டும் பார்ப்பது போதாது. வாக்கெடுப்பு அமைக்கப்படும் விதத்திலேயே கோளாறு இருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் சொற்களில் குழப்பம் ஏதுமில்லை. சட்டப்படி ஒதுக்கப்படாத ஒரு டாலரையும் கருவூலத்திலிருந்து எடுக்க முடியாது. தரைப்படைக்கான ஒதுக்கீடு இரண்டு ஆண்டுக்கு மேல் நீளக் கூடாது. நிலைப்படை என்றாலே அஞ்சிய தலைமுறை எழுதிய விதிகள் இவை. நம் நாடாளுமன்ற மரபில் பழகியவர் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்திய மக்களவையில் மானியக் கோரிக்கை மீது வெட்டுத் தீர்மானம் நிறைவேறினால் அரசு நம்பிக்கை இழந்ததாகப் பொருள். பதவி விலகுவதே மரபு. அமெரிக்க அதிபரோ பணம் மறுக்கப்பட்டாலும் தன் நாற்காலியில்தான் இருப்பார். முப்படைத் தளபதியும் அவரே. பணத்தை மறுப்பவர் போரை நடத்துபவரை அகற்றவில்லை. அவரிடமிருந்து ஒரு கருவியைப் பறிக்க மட்டுமே பார்க்கிறார். அந்தக் கருவியோ உயிருள்ள சிப்பாய்.

இப்போது கணக்குக்கு வருவோம். போருக்குப் பணம் தரவேண்டுமானால் இரு சபைகளும் மசோதாவை நிறைவேற்றியாக வேண்டும். தரக்கூடாது என்றால் ஒரு சபையே போதும். சபாநாயகர் மசோதாவை அவைக்கு எடுக்காமலே இருக்கலாம். செனட்டில் 41 பேர் உறுதியாக நின்றால் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே விடமாட்டார்கள். ஆனால் பணத்தையும் கொடுத்து, ‘இன்ன தேதிக்குள் படையைத் திரும்ப அழை’ என்று நிபந்தனையும் போட்டால், அதிபர் அந்த மசோதாவைத் தன் தடுப்பதிகாரத்தால் திருப்பி அனுப்பலாம். அதை முறியடிக்க இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மறுப்பதற்குத் தேவை சிறு எண்ணிக்கை. நிபந்தனை விதிக்கத் தேவை கிட்டாத எண்ணிக்கை. இது தெரிந்தும் போரை எதிர்த்த உறுப்பினர்கள் ஏறக்குறைய எப்போதும் இரண்டாவது வழியையே பிடித்தார்கள். இந்தக் கட்டுரை விடை தேடுவது இதற்குத்தான்.

2007ஆம் ஆண்டின் நிகழ்வுகள் பாடம் போல அமைந்தவை. ஜனவரியில் அதிபர் புஷ் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படையினரைக் கூடுதலாக அனுப்புவதாக அறிவித்தார். பிப்ரவரி 16 அன்று பிரதிநிதிகள் சபை அதைக் கண்டித்து 246–182 என்று தீர்மானம் போட்டது. அது யாரையும் கட்டுப்படுத்தாத தீர்மானம். மார்ச் 23 அன்று படை விலகும் கெடுவோடு கூடிய நிதி மசோதா 218–212 என்று தப்பிப் பிழைத்தது. தயங்கிய உறுப்பினர்களை இழுக்க அதில் கீரை விவசாயிகளுக்கு 25 மில்லியன் டாலரும், நிலக்கடலைக் கிடங்குகளுக்கு 74 மில்லியன் டாலரும் செருகப்பட்டிருந்தன. இராக்கிலிருந்து வெளியேறும் பாதை ஜார்ஜியாவின் கடலைக்காடு வழியாகப் போனது என்று ஒருவர் கேலி செய்தால் மறுக்க முடியாது. மே 1 அன்று புஷ் மசோதாவை நிராகரித்தார். மறுநாள் அதை முறியடிக்க எடுத்த முயற்சி 222–203 என்ற அளவிலேயே நின்றது.

அந்த மார்ச் மாதத்தில் நடந்த ஒரு சம்பவம், வாக்கெடுப்பு எண்கள் சொல்லாததைச் சொல்கிறது. நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவர் டேவிட் ஓபி போரை எதிர்த்தவர். சபை அலுவலகத்தின் நடைவழியில் ஒரு படைவீரரின் தாயும் போர் எதிர்ப்பாளர்களும் அவரை மடக்கி, பணத்தை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார்கள். நிறுத்த வாக்கு இல்லை, இந்த மசோதாதான் போரை முடிக்கும் என்று அவர் கத்தினார். மசோதாவை எதிர்க்கும் தாராளவாதிகளை முட்டாள்கள் என்றார். காணொளி பரவியது, மன்னிப்புக் கேட்டார். வாக்கு இல்லை என்றது உண்மைதான். ஆனால் எதற்கு வாக்கு இல்லை? பணத்தை நிறுத்த ஒரு புதுச் சட்டம் இயற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் வாக்கு இல்லை. மசோதாவையே கொண்டுவராமல் இருக்க வாக்கெடுப்பே தேவையில்லை. ஓபியின் கோபத்தில் இந்த இரண்டும் கலந்துபோயின. அவருடைய கட்சி முழுவதிலும் கலந்துபோயின.

கலந்ததற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி: களத்தில் நிற்கும் சிப்பாய்க்குத் தோட்டா தர மாட்டேன் என்கிறாயா? நடைமுறையில் இந்தக் கேள்விக்குப் பெரிய அடிப்படை இல்லை. 1861 முதலே அமெரிக்காவில் ஒரு சட்டம் உண்டு. ஒதுக்கீடு தீர்ந்தாலும் படையின் உணவு, உடை, தங்குமிடம், மருந்து போன்றவற்றைக் கடனுக்கு வாங்கலாம். பென்டகன் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றலாம். ஆண்டின் கடைசிக் காலாண்டுப் பணத்தை முன்கூட்டியே செலவிடலாம். 2007 வசந்தத்திலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. எந்தச் சிப்பாயும் காலித் துப்பாக்கியோடு நிற்கப் போவதில்லை. பணம் மறுக்கப்பட்டால் நிகழக்கூடியது, மாதக்கணக்கில் அவகாசத்தோடு திட்டமிட்ட விலகல். ஆனால் இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். குற்றஞ்சாட்ட ஒரு வரி போதும். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரி இதை 2004இல் அனுபவித்தார். முந்தைய ஆண்டு 87 பில்லியன் டாலர் ஒதுக்கீட்டில், பணக்காரர்களின் வரிச்சலுகையைத் திரும்பப் பெற்று அந்தச் செலவை ஈடுகட்டும் திருத்தத்தை ஆதரித்தார். திருத்தம் தோற்றபின் மசோதாவை எதிர்த்தார். இரண்டும் ஒரே தர்க்கம். முதலில் ஆதரித்து வாக்களித்தேன், பிறகுதான் எதிர்த்தேன் என்று அதை அவரே ஒரு கூட்டத்தில் சுருக்கிச் சொன்னபோது, எதிரணிக்குத் தேர்தல் விளம்பரம் இலவசமாகக் கிடைத்தது.

இந்தப் பயம் புதியதல்ல. 1846 மே மாதம் அதிபர் போக்கின் கட்சியினர், மெக்சிகோவே போரைத் தொடங்கிவிட்டது என்ற முகவுரையை, ஆபத்தில் இருந்த படைக்கு ஆளும் பணமும் தரும் மசோதாவின் தலையில் ஒட்டினார்கள். முகவுரை பொய் என்று நம்பிய எதிர்க்கட்சியான விக் கட்சியினருக்கு இரண்டையும் பிரிக்க வழி கிடைக்கவில்லை. விவாதத்துக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். 174 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் 14 பேர், ஜான் குவின்சி ஆடம்ஸ் உட்பட. பின்னர் சபைக்கு வந்த ஆபிரகாம் லிங்கன் நடுவழி ஒன்றைப் பிடித்தார். போர் அவசியமின்றியும் அரசமைப்புக்கு விரோதமாகவும் தொடங்கப்பட்டது என்ற ஆஷ்மன் திருத்தத்துக்கு 1848 ஜனவரியில் வாக்களித்தார்; படைக்கான பணத்துக்கும் தவறாமல் வாக்களித்தார்.

இந்த நடுவழி அவரைக் காப்பாற்றியதா? பத்தாண்டு கழித்தும், செனட் தேர்தலில் அவரை எதிர்த்த ஸ்டீபன் டக்ளஸின் தரப்பு அவரை விடவில்லை. சிப்பாய்க்குப் பணம் மறுத்தவர் என்றே பிரச்சாரம் செய்தது. 1858 செப்டம்பரில் சார்ல்ஸ்டன் விவாத மேடையில், தன்னோடு சபையில் இருந்த டக்ளஸ் கட்சிக்காரர் ஃபிக்ளினைக் கையைப் பிடித்து முன்னே இழுத்துவந்து, நான் பணத்தை எதிர்த்ததில்லை என்று நீரே சொல்லும் என்றார் லிங்கன். ஃபிக்ளின் சாமர்த்தியசாலி. இருவருமே எனக்கு நண்பர்கள் என்று தொடங்கி, லிங்கன் ஆஷ்மன் திருத்தத்தை ஆதரித்தார் என்பதே என் நினைவு என்று முடித்துக்கொண்டார். பண விஷயத்தைத் தொடவே இல்லை. பணத்துக்கு ஆதரவாகப் போட்ட வாக்குகள் அத்தனையும் பதிவேட்டில் இருந்தும் மேடையில் அவருக்கு ஒரு சாட்சி அகப்படவில்லை. ஆதரித்து வாக்களித்தால் பழி வராது என்ற கணக்கே தப்பு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

லிண்டன் ஜான்சன் இந்தப் பொறியை அறிந்தே வைத்தார். 1965 மே மாதம் வியட்நாமுக்காக 700 மில்லியன் டாலர் கேட்டபோது அவருக்குப் பணநெருக்கடி இல்லை. இது வழக்கமான ஒதுக்கீடல்ல, ஆதரிக்கும் ஒவ்வொருவரும் போரின் நோக்கத்தை ஆதரிப்பதாகவே பொருள் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். அவர் வாங்க நினைத்தது தளவாடம் அல்ல, கையொப்பம். பிரதிநிதிகள் சபை 408–7, செனட் 88–3.

ஆனாலும் நிதியதிகாரம் ஒருமுறை வென்றது. 1973 ஜூனில் கம்போடியா மீதான குண்டுவீச்சுக்குப் பணம் இல்லை என்று காங்கிரஸ் துணை நிதி மசோதாவில் எழுதியது. நிக்சன் ஜூன் 27 அன்று நிராகரித்தார். நிதியாண்டு முடிய மூன்றே நாள். அரசின் மற்றச் செலவுகளுக்கான மசோதாக்களிலும் இதே தடையைச் சேர்க்கக் காங்கிரஸ் தயாரானதும் அவர் இறங்கிவந்து, ஆகஸ்ட் 15ஐக் கெடுவாக ஏற்றார். வாட்டர்கேட் அவரைப் பலவீனப்படுத்தியிருந்தது என்பார்கள், சரிதான். அதைவிட முக்கியம், பாரிஸ் உடன்பாட்டின்படி தரைப்படை மார்ச்சிலேயே வெளியேறிவிட்டது, போர்க்கைதிகளும் வீடு திரும்பிவிட்டார்கள். சிப்பாயைக் கைவிடுகிறாயா என்று கேட்கக் களத்தில் சிப்பாயே இல்லை. 1970 செப்டம்பரில் படை விலகலுக்குக் கெடு வைத்த மெக்கவர்ன்–ஹாட்ஃபீல்ட் திருத்தம் 39–55 என்று தோற்றிருந்தது; களத்தில் லட்சக்கணக்கானோர் இருந்த நேரம் அது.

உடனே சட்டமாகாத வாக்கெடுப்புகள் வீண் என்று இதற்குப் பொருளில்லை. கம்போடியாவிலிருந்து தரைப்படையை 1970 ஜூன் 30க்குள் மீட்டுவிடுவதாக நிக்சன் சொன்னது, அங்கே படை நீடிக்கப் பணம் மறுக்கும் கூப்பர்–சர்ச் திருத்தம் செனட்டில் விவாதத்துக்கு வரும் சூழலில்தான். அதே ஜூன் 30 அன்று செனட் அதை 58–37 என்று நிறைவேற்றியபோது படை வெளியேறியிருந்தது. சட்டத்துக்கு முந்திக்கொள்ளும் அதிபரும் சட்டத்துக்கு ஓரளவு கட்டுப்பட்டவரே. ஆனால் இந்த வகை வெற்றி அதிபரின் பெயரில் பதிவாகிறது. வாக்களித்தவருக்கு மிஞ்சுவது பழி மட்டும்.

ஆகவே 2007 மே 24 வாக்கெடுப்பை ஆராய்பவர் 280–142 என்ற எண்ணில் நிற்கக் கூடாது. அன்று விவாத விதி மசோதாவை இரண்டாகப் பிளந்தது. குறைந்தபட்சக் கூலி உயர்வு உள்ளிட்ட உள்நாட்டுப் பகுதி தனி வாக்கெடுப்பில் 348–73 என்று தேறியது. போர்ப் பணம் இன்னொரு வாக்கெடுப்பு. பணம் நிறைவேறும் என்று தெரிந்தே அந்த விதியைத் தங்கள் வாக்குகளால் நிறைவேற்றியவர்கள் ஜனநாயகக் கட்சியினர். பணத்தை வழங்கிய வாக்கு என் கணிப்பில் அதுதான். பின்னால் வந்தது தொகுதி மக்களுக்குக் காட்டும் வாக்கு. அன்றிரவு செனட்டில் 80–14 என்று மசோதா தேறியபோது எதிர்த்த 14 பேரில் பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் இருந்தார்கள். இருவரும் அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்தவர்கள்.

புஷ் நிராகரித்த கெடு பின்னால் வேறு கதவு வழியாக வந்தது. 2008 நவம்பரில் அவருடைய அரசே இராக்குடன் செய்துகொண்ட உடன்பாட்டில், 2011 டிசம்பர் 31க்குள் அமெரிக்கப் படை முழுவதும் வெளியேறும் என்று தேதி குறித்தது. அந்த உடன்பாடு வாஷிங்டனில் எந்தச் சபையின் வாக்கெடுப்புக்கும் போகவில்லை. பாக்தாதில் நாடாளுமன்றம் கூடி, அவைக்கு வந்திருந்த 198 உறுப்பினர்களில் 149 பேர் ஆதரவோடு அதற்கு ஒப்புதல் அளித்தது.