பக்தாத் தேர்வும் எரிந்த பட்டியலும்

துணி வாங்குவோர் அதை விரித்துப் பார்த்து வாங்கலாம். அரிசி வாங்குவோர் கையில் அள்ளிப் பார்க்கலாம். மருத்துவரிடம் தம் உடலை ஒப்படைக்கும் நோயாளியோ அவருடைய கல்வியை அளந்தறியும் நிலையில் இல்லை. அவருக்காக வேறொருவர் அளந்து பார்த்துச் சான்று வழங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சான்றின் வரலாற்றிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை நாம் இங்கே காண்போம். முன்னது 931ஆம் ஆண்டில் பக்தாதில் நடந்தது. பின்னது 1919ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நடந்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு இடைவெளி இருந்தும், இரண்டிலும் அளந்தவரின் கை ஒரே இடத்தில் தளர்ந்தது.

ஹிஜ்ரி 319இல், பக்தாதில் ஒரு மருத்துவரின் தவறான சிகிச்சையால் ஒருவர் இறந்துபோனார் என்ற செய்தி கலீஃபா அல்முக்ததிரின் செவிக்கு எட்டியது. சந்தையின் எடைக்கற்களையும் படிகளையும் கண்காணித்துவந்த முஹ்தஸிபுக்கு உடனே ஆணை பிறந்தது. ஸினான் இப்னு ஸாபித்திடம் தேர்வு பெற்று, எழுத்து மூலம் அனுமதி பெறாத எவரும் இனி மருத்துவம் செய்யலாகாது என்பதே அந்த ஆணை. நகரின் இருகரைகளிலுமாகத் தேர்வுக்கு வந்தோர் 860க்கும் மேற்பட்டோர். புகழால் திறமை நிலைநாட்டப்பட்டோருக்கும் அரசப் பணியில் இருந்தோருக்கும் தேர்வு தேவைப்படவில்லை. ஒவ்வொருவரும் எந்தெந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்பது அவரவர் திறமைக்கு ஏற்ப வரையறுக்கப்பட்டது.

தேர்வாளரான ஸினான், கணித மேதை ஸாபித் இப்னு குர்ராவின் மகன். ஹர்ரான் நகரத்து ஸாபியீ மரபினர். பிந்திய கலீஃபா அல்காஹிரின் காலத்தில்தான் அவர் இஸ்லாத்தை ஏற்றார். ஆக, பேரரசின் தலைநகரில் மருத்துவர் அனைவரையும் அளக்கும் பொறுப்பை ஏற்றபோது அவர் முஸ்லிம் அல்லர். கல்வியை அளக்கக் கல்வியாளரே வேண்டும் என்பதில் அந்த அரசு தெளிவாக இருந்தது.

அத்தேர்வின்போது நிகழ்ந்த ஒன்றை அல்கிஃப்தி தம் வரலாற்று நூலில் பதிந்திருக்கிறார். நல்லுடையும் கம்பீரத் தோற்றமும் கொண்ட முதியவர் ஒருவர் வந்தார். ஸினான் அவரை மதிப்புடன் அமரச் செய்தார். மற்றவர்களை விசாரித்து முடித்தபின், தாங்கள் யாரிடம் பயின்றீர்கள் என்று பணிவோடு வினவினார். முதியவர் தம் சட்டைக் கையிலிருந்து பொற்காசுகள் அடங்கிய காகிதப் பொதியை எடுத்து முன்னே வைத்தார். தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும், இத்தொழிலை நம்பியே குடும்பம் வாழ்கிறது என்றும், அதைத் துண்டித்துவிட வேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டார். ஸினான் சிரித்துவிட்டார். அறியாத நோயில் கைவைக்கலாகாது, எளிய நோய்களுக்கன்றிக் குருதி வாங்கவோ பேதி மருந்து தரவோ கூடாது என்ற நிபந்தனையுடன் அனுமதித்தார். சிகஞ்சபீன் என்னும் தேன்காடிப் பானத்தையும் ஜுலாப் என்னும் பன்னீர்ப் பாகையும் தாம் ஒருபோதும் தாண்டியதில்லை என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞன் வந்தான். யாரிடம் பயின்றாய் என்றபோது, தந்தையிடம் என்றான். அந்தத் தந்தை நேற்று வந்த முதியவரே! அவர் வழியைத் தாண்டாதே என்று சொல்லி அவனையும் அனுப்பிவைத்தார் ஸினான்.

இதைப் படிக்கும் எவர்க்கும் புன்முறுவல் வரும். ஸினானின் இரக்கத்தில் அறிவும் இருந்தது. தேன்காடியால் எவரும் சாவதில்லை. ஆயினும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த நிபந்தனை இருவருக்கு இடையே வாய்ச்சொல்லாக நின்றது. மறுவாரம் அம்முதியவரின் வாசலில் நின்ற நோயாளி அனுமதியை அறிவார். அதன் எல்லையை எங்ஙனம் அறிவார்?

இக்குறையைப் பிற்காலத்து ஹிஸ்பா நூல்கள் உணர்ந்திருந்தன. 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய நூல், மருத்துவர் தாம் கண்ட நோய்க்குறிகளையும் தந்த மருந்தையும் எழுதி அதன் படியை நோயாளியின் வீட்டாரிடம் கொடுக்க வேண்டும் என்ற நெறியைக் கூறுகிறது. நோயாளி இறந்தால் வீட்டார் அந்த ஏட்டைத் தலைமை மருத்துவரிடம் காட்டி நீதி கேட்கலாம். சிகிச்சையின் சான்று நோயாளியின் வீட்டில் இருக்க வேண்டும் என்பது எத்துணை ஆழ்ந்த சிந்தனை!

ஏடு எழுதிவைத்தல் என்னும் இதே கருத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் வற்புறுத்தியவர் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். சிகிச்சை பெற்றவர் பின்னர் நலமானாரா என்று தொடர்ந்து விசாரித்துப் பதிய வேண்டும் என்றார் அவர். 1911 முதல் 1916 வரை தம் சிறு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 337 பேரிடத்து நேர்ந்த 123 பிழைகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். சகாக்களின் பகையே அவருக்குக் கிடைத்தது.

அவருடைய கருத்தை ஏற்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, 1917இல் மருத்துவமனைகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை ஒரே பக்கத்தில் வகுத்தது. தகுதியுள்ள மருத்துவர்கள், முறையான கூட்டங்கள், முழுமையான நோயாளர் பதிவேடு, ஆய்வுக்கூடமும் எக்ஸ்ரேயும் ஆகியவையே அது கேட்டவை. 100 படுக்கைகளும் அதற்கு மேலும் உடைய 692 மருத்துவமனைகளைச் சோதித்தபோது தேறியவை 89 மட்டுமே. தேறாதவற்றுள் நாடறிந்தவையும் இருந்தன. 1919 அக்டோபரில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் கூடிய தலைவர்கள், பத்திரிகையாளர் கையில் கிடைக்காதிருக்க, பட்டியலை விடுதியின் உலையில் எரித்துவிட்டனர். பக்தாதில் இரக்கம் செய்ததை நியூயார்க்கில் நாணம் செய்தது. அளந்தவர் அறிந்தார், நோயாளி அறியவில்லை.

எனினும் அளவுகோல் எரியவில்லை. 1950க்குள் அத்தரத்தை எட்டிய மருத்துவமனைகள் 3,000ஐத் தாண்டின. 1951இல் அப்பணியை ஏற்க ஒரு கூட்டு ஆணையம் நிறுவப்பட்டது. 2005 முதல் அந்நாட்டு அரசே மருத்துவமனைகளின் தர அளவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டு வருகிறது.

நம் நாட்டிலும் இந்தியத் தரக் குழுவின் கீழ் இயங்கும் தேசிய வாரியம் ஒன்று, விண்ணப்பிக்கும் மருத்துவமனைகளைச் சோதித்துச் சான்று வழங்குகிறது. அச்சான்று குறித்த காலத்துக்கும் குறித்த சேவைகளுக்குமே உரியது. சுவரில் தொங்கும் சட்டத்தைக் கண்டதும் மனம் நிறைந்துவிடாமல், அதன் தேதியையும் எல்லையையும் வாசிப்பது நம் குடும்பங்களுக்குக் கடமையாகிறது. வீடு திரும்பும்போது சிகிச்சைக் குறிப்பின் படியைக் கேட்டு வாங்கிப் பேணுவதும் அவ்வாறே. அந்த ஏட்டின் இடம் நோயாளியின் வீடு என்பதை அஷ்ஷைஸரீ என்றோ எழுதிவைத்துவிட்டார்.