நாலுமூலைக் கேணியும் நாற்பது கிலோ ஃபிரிட்ஜும்

திருச்சியிலிருந்து துறையூர் போகும் பஸ்ஸில் ஏறினால், மண்ணச்சநல்லூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மொட்டையாக நிற்கும் ஒரு கோபுரம் கண்ணில் படும். இறங்கிவிடுங்கள். அதுதான் திருவெள்ளறை. 'ஸ்ரீரங்கத்துக்கும் மூத்தது எங்க ஊரு' என்று உள்ளூர்க்காரர்கள் மார்தட்டுவார்கள். வெள்ளைப் பாறை மேல் புண்டரீகாட்சப் பெருமாள். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம்.

நான் போனது பெருமாளைப் பார்க்க மட்டுமல்ல, ஒரு கிணற்றைப் பார்க்கவும்தான். ஸ்வஸ்திக் வடிவத்தில், நாலு பக்கமும் படிக்கட்டு வைத்த கிணறு. ஊரில் 'நாலுமூலைக் கேணி' என்பார்கள். ஒரு துறையில் குளிக்கிறவர் அடுத்த துறையில் இருப்பவருக்குத் தெரிய மாட்டார். 'மாமியா ஒரு பக்கம், மருமக ஒரு பக்கம். சண்டையே வராது பாருங்க!' என்று ஒரு பெரியவர் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து, ஒலிபெருக்கி கட்டிய ஒரு குட்டியானை வண்டி தெருவுக்குள் நுழைந்தது. 'பழைய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி., மிக்ஸி, கிரைண்டர், பேட்டரி...' என்று பதிவு செய்த குரல் நிற்காமல் ஏலம் போட்டது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கதவு தொங்கும் ஒரு ஃபிரிட்ஜ், மூன்று மின்விசிறிகள், நாலைந்து மிக்ஸிகள். மூலையில் தலைகுப்புறக் கிடந்தது, ஒரு 14 இஞ்ச் டி.வி.

ஒரு பக்கம் பல்லவர் காலத்துக் கிணறு, இன்னொரு பக்கம் பத்துப் பதினைந்து வருஷத்து டி.வி. எது தாங்கி நிற்கிறது, எது எடைக்குப் போகிறது? இந்த வாரம் அந்தக் கதைதான்!

கிணற்றின் சரித்திரம் கல்வெட்டிலேயே இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4-ம் ஆட்சியாண்டில் வேலை தொடங்கி, 5-ம் ஆண்டில் முடிந்தது. அதாவது கி.பி. 800-ஐ ஒட்டி. வெட்டியவர் ஆலம்பாக்கத்து விசைய நல்லுழானின் தம்பி கம்பன் அரையன். கிணற்றுக்கு 'மார்ப்பிடுகு பெருங்கிணறு' என்று பேர். கூடவே ஒரு பாட்டையும் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் சாரம் இதுதான்: உலகம் நிலையில்லாதது. கிழத்தனம் வந்து உன்னைத் தள்ளாட வைப்பதற்கு முன்னால், இருப்பதைச் சாப்பிடு. மிச்சத்தை நாலு பேர் அறியும்படி நல்லதற்கு வை.

ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பாட்டு பிழைத்ததற்குக் காரணம் பக்தி மட்டும்தானா? இன்னொரு காரணமும் உண்டு. அது கல். கல்லைப் பேர்த்துப் போய்ப் படிக்கட்டாகப் போட்டுக்கொள்ளலாமே தவிர, உருக்கிக் காசாக்க முடியாது. உலோகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. உருக்கினால் பணம் என்று ஆனவுடனேயே அதன் ஆயுசு தராசின் கைக்குப் போய்விடுகிறது.

ரோட்ஸ் தீவில் நின்ற பிரம்மாண்டமான வெண்கலச் சூரிய தேவனைப் பற்றிப் படித்திருப்பீர்கள். உலக அதிசயம் ஏழில் ஒன்று. கி.மு. 226 வாக்கில் பூகம்பத்தில் விழுந்தது. விழுந்தபடியே எண்ணூறு வருஷத்துக்கும் மேல் கிடந்தது. ஜனங்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். கி.பி. 653-ல் தீவைப் பிடித்த அரபுப் படை, அதை எடெஸ்ஸா ஊர் வியாபாரி ஒருவருக்கு விற்றது. 900 ஒட்டகங்களில் ஏற்றிப் போனதாக எழுதி வைத்திருக்கிறார் தியோபனீஸ். உலக அதிசயம்... கடைசியில் எடைக்கு!

நம்ம பக்கமும் ஒரு கதை உண்டு. திருவெள்ளறையைப் பாடிய அதே திருமங்கையாழ்வார், ஸ்ரீரங்கத்துத் திருமதில் திருப்பணிக்குப் பணம் போதாமல், நாகப்பட்டினத்து விகாரையிலிருந்த பொன் புத்தரை எடுத்து வந்து உருக்கினார் என்கின்றன வைணவ குருபரம்பரை நூல்கள். நடந்ததா, கதையா? சரித்திரச் சான்று இல்லை. ஆனால், 'உருக்கினால் மதில்' என்று யோசிக்கத் தெரிந்த ஒரு சமூகம் அப்போதே இருந்தது என்பதற்கு அந்தக் கதையே போதும். அதே நாகப்பட்டினத்தில் 1856-லிருந்து, மண்ணுக்குள் புதைந்திருந்த புத்த வெண்கலச் சிலைகள் 350-க்கும் மேல் கிடைத்தன. அவை தப்பித்தது எப்படி? யார் கண்ணிலும் படாததால்தான்!

சிலைகளை விடுங்கள். நம்ம வீட்டுக்கு வருவோம்.

'காயலான் கடை' என்கிறோமே, அந்தப் பேர் காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்பார்கள். மார்க்கோ போலோ 'காயல்' என்று எழுதி வைத்த துறைமுகம் அந்தக் கரைப் பக்கம்தான். ஹொர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நின்ற இடம். அந்தப் பாரசீக வளைகுடாவின் இன்னொரு சரக்குதான் பேரீச்சம்பழம். எளிதில் கெடாது, எடை போட்டுக் கொடுக்கலாம், குழந்தைகள் விடாது! பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்கு மாற்றாகக் கொடுக்க அதைவிடத் தோதான பண்டம் எது? 1989-ல் வந்த 'கரகாட்டக்கார'னில் அந்தக் காருக்கு நேர்ந்த பேரீச்சம்பழ அவமானத்தைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை.

அடுத்து வந்தது எவர்சில்வர் அலை. ஈயம் பூச வேண்டாம், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையே துருப்பிடிக்காத தகடு போட ஆரம்பித்தது. வீடு வீடாகப் பித்தளை அண்டா, வெண்கலப் பானை, செப்புக்குடம் எல்லாம் பரணிலிருந்து இறங்கின. எடை போட்டு எவர்சில்வர் வாங்கினோம். எங்கள் வீட்டிலும்தான்.

அதில் நாங்கள் தொலைத்தது என்ன தெரியுமா? அந்த அண்டாவின் விளிம்பில் புள்ளிப் புள்ளியாகப் பாட்டியின் பேர் வெட்டியிருந்தது. ஊர், கல்யாண வருஷம் எல்லாம் இருந்தது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொத்துப் பத்திரம் எதிலும் அவள் பேர் இல்லை. அவள் பேர் எழுத்தில் இருந்த ஒரே இடம் அதுதான். கடைக்காரர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு முள்ளைப் பார்த்தார். பேரைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் எடை ஏறாதே!

யோசித்துப் பாருங்கள். 1905-ல் கிடைத்த ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள், கிட்டத்தட்ட 90 கிலோ. தப்பித்தவறி அது ஒரு தராசில் ஏறியிருந்தால்? 'நல்ல செம்பு' என்று பேர் வாங்கியிருக்கும். சோழர் வம்சாவளியில் பாதி அடுப்பில் போயிருக்கும்.

குட்டியானைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். 'இதுல என்னங்க தேறும்?'

'ஃபிரிட்ஜு நாப்பது கிலோ வரும் சார். தகரத்துக்கு வெல கம்மி. உசுரு பூரா பின்னால இருக்க கம்ப்ரஸர்லதான். மிக்ஸில மோட்டார். டி.வி.ல காயில். செம்பு எங்க இருக்கோ அங்கதான் சார் காசு. இப்பல்லாம் அலுமினியக் கம்பி சுத்தி ஏமாத்திடறாங்க, பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.'

மொத்த வியாபாரமும் அந்த 'பிரிச்சு'வில்தான் இருக்கிறது. முழுசாக இருக்கும் மிக்ஸிக்கு ஒரு விலை. செம்பு, இரும்பு, பிளாஸ்டிக் என்று தனித்தனியாகப் பிரித்தால் வேறு விலை. வண்டிக்காரர், காயலான் கடை, மொத்த வியாபாரி, உருக்காலை என்று ஒவ்வொரு படியிலும் ஒருவர் பிரிக்கிறார், ஒருவர் சம்பாதிக்கிறார். ஜப்பான்காரர்கள் இதையே நாடு தழுவிய காரியமாகச் செய்தார்கள். 2017-லிருந்து இரண்டு வருஷம் பழைய செல்போன் 62 லட்சமும், வேறு சின்னச் சின்ன எலெக்ட்ரானிக் சாமான்களும் சேகரித்தார்கள். அதில் 32 கிலோ தங்கம் எடுத்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின் சுமார் 5,000 பதக்கங்களும் இந்தச் சேகரிப்பில் கிடைத்த உலோகத்தில் செய்தவைதான்.

நம்மிடம் சுரங்கத்துக்குப் பஞ்சமா? 2006-ல் ஆரம்பித்து ஐந்து வருஷத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இலவச கலர் டி.வி.க்கள், 2011-லிருந்து இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. அவற்றில் எத்தனையோ இந்த மாதிரி வண்டியில் ஏறியாகிவிட்டது.

ஆனால், பிரிக்கிற கைக்கு ஒரு விலை இருக்கிறது. பழைய டி.வி. குழாயின் பின்பக்கக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்ஸைடு. உடைத்தால் தூசியாக மூச்சில் போகும். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுத்தால், மேலே இருக்கும் பி.வி.சி. எரிந்து டையாக்ஸின் என்ற நஞ்சு கிளம்பும். ஃபிரிட்ஜ் குழாயை வெட்டினால், உள்ளே இருக்கும் வாயு நேராக வானத்துக்குத்தான். அதற்காகத்தான் 2012-லிருந்து மின்கழிவுக்குச் சட்ட விதிகள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் 106 வகைச் சாதனங்களுக்குப் பொருந்தும். தயாரித்த கம்பெனியே பதிவு பெற்ற ஆலை மூலம் மறுசுழற்சிக்குப் பொறுப்பு. காகிதத்தில் அழகுதான். ஆனால், நம் வாசலுக்கு வருகிறவர் குட்டியானைக்காரர்தானே?

'ஒயரை என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். 'முன்னல்லாம் கொளுத்துவோம். பொண்ணுக்கு வீசிங் வந்துச்சு. இப்ப உரிச்சுத்தான் எடுக்கறேன். நேரம் புடிக்குது, காசு கொறையுது. என்ன பண்றது சார்?'

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் தூக்கிப் போட்டதைப் பிரித்துத்தான் அவர் பிழைக்கிறார். குறைந்தபட்சம் நாம் ஒன்று செய்யலாம். அடுத்த முறை பரணை ஒழிக்கும்போது, 'கிலோ என்ன விலை?' என்று கேட்பதோடு, 'ஒயரைக் கொளுத்துவீங்களா, உரிப்பீங்களா?' என்றும் கேளுங்கள். உரிக்கிறவருக்கே கொடுங்கள், நாலு காசு குறைந்தாலும் பரவாயில்லை. பழைய பாத்திரம் இருந்தால் தராசில் ஏற்றுவதற்கு முன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். யார் பேராவது இருந்தால் செல்போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

வண்டி கிளம்பியது. ஒலிபெருக்கிக் குரல் கோபுரத்தைத் தாண்டிப் போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. நான் திரும்பவும் கிணற்றுப் படியில் இறங்கினேன். கம்பன் அரையன் தன் மிச்சத்தை ஊரறிய வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நம் மிச்சம் எங்கே போகிறது, யார் மூச்சில் போகிறது... அதையாவது நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?